துக்க வீட்டுக்குத் தட்டைப்பயறு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, பத்து காவான் என்ற ஊருக்குப் போகும் தொழிற்சாலை வேனைப் பிடிக்கக் கதவைத் திறந்தபோது, என் வீட்டு இரும்புக் கிராதியில் ஒரு முழச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வராந்தாவை எட்டிப் பார்த்தேன். எங்கள் மாடியின் கிராதிகளில் வரிசையாக அதே சிவப்பு. சீனப் புத்தாண்டு போய் மாதங்கள் ஆகிவிட்டன. அப்படியானால் கல்யாணம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் இந்த அடுக்குமாடியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், இதுகூடவா தெரியாது என்கிற தெம்பு. கடைசி வீட்டுச் சீனப் பெரியவர் கையில் மிச்சத் துணியோடும் கத்தரிக்கோலோடும் நின்றுகொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிய, "கங்ராஜுலேஷன்ஸ் அங்கிள், யாருக்குக் கல்யாணம்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுக் கையையும் நீட்டிவிட்டேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலால் எனக்கு அடுத்த கதவைக் காட்டி, "செபெலா சுடா மெனிங்கால்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அந்த ஒரு கதவில் மட்டும் சிவப்பு இல்லை.

அக்கம்பக்கத்துத் துக்கம் தங்கள் வாசலுக்கு வந்துவிடாமலிருக்கச் சீனர்கள் கட்டும் துணி அது. என் வாசலையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதா, பக்கத்து வீட்டிலிருந்து என்னைப் பிரித்து வைத்ததற்காக அதை அவிழ்ப்பதா என்று தெரியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீட்டிய கையை என்ன செய்வது என்பது வேறு பிரச்சினை. கடைசியில் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். வேன் போய்விட்டது.

இறந்தவர் முனுசாமி அண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நான் திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு இந்த மாடிக்கு வந்த நாளில், பெட்டிகளைவிட என் முகம் பாரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க வேல?" என்று கேட்டார். பத்து காவானில் மின்னணுப் பலகை செய்யும் தொழிற்சாலை, கடைசிச் சோதனைப் பிரிவு என்றேன். வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போட்டார்: "சரோஜா, வா இங்க! நீ பொறந்த தோட்டத்து மேல பாக்டரி கட்டியிருக்கான் பாரு, அதுல வேல செய்ய வந்துட்டாரு." பிறகு என்னிடம், "என் மாமியா வூட்டு மேலதான் தம்பி நீங்க நிக்கப் போறீங்க. மருவாதியா வேல பாருங்க" என்றார். பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் மனைவி சரோஜா அக்கா அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவர் பிறந்த இடத்தில் நான் தினமும் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறேன். அவர் போக வேண்டுமென்றால் காவலாளியிடம் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் சிறுநீரகக் கோளாறால் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார். மறுநாள் தகனம். அன்றிலிருந்து மூன்று நாளும் வீடு கொள்ளாத கூட்டம். கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய பெரிய அலுமினியத் தட்டுகளில் கேட்டரிங் சாப்பாடு. என் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளிகளும் சம்பந்திகளும் அக்கம்பக்கமும் முறை வைத்துச் சோறு கொண்டு வருவார்கள். யார் என்றைக்கு என்று யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் ஒரு வேளை தவறாது. இங்கே கேட்டரிங்காரர் பில்லோடு வந்தார். கொஞ்சம் கேலியாகத்தான் பார்த்தேன். கேலி செய்தவன் அந்த மூன்று நாளும் இரண்டு வேளை அதைத்தான் சாப்பிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை கூட்டம் கலைந்தது. ஒரே மகன் குமரன், தெற்கே ஜொகூரில் வேலை, விடுப்பு முடிந்து கிளம்பினான். அம்மாவைக் கூட்டிப் போகத்தான் பார்த்தான். படத்துக்கு முன்னால் பதினாறு நாளும் விளக்கு எரிய வேண்டும், வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தினமும் மதியம் சைவச் சாப்பாடு வர ஒரு கடையில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் குமரன் எனக்குப் போன் செய்தான். "அண்ணே, அம்மா நேத்து மத்தியானத்துலேர்ந்து இன்சுலின் போடலண்ணே. சாப்பிட்டாத்தான் ஊசின்னு டாக்டரு சொல்லியிருக்காரு. சாப்பிடாம இருந்தா போட வேணாம்னு ஒக்காந்திருக்காங்க. கடை சாப்பாட பிரிக்கவே இல்லயாம். போன வருஷம் இப்பிடித்தான் சுகர் ஏறி வார்டுல போட்டாங்க. நான் இப்ப கெரெத்தா எடுத்தாலும் அங்க வந்து சேர ராத்திரி ஆயிரும். கொஞ்சம் பாருங்கண்ணே." கெரெத்தா என்றால் கார். அவன் குரலில் அப்பாவைப் பறிகொடுத்த களைப்பு இன்னும் இருந்தது. அதற்குமேல் இன்னொன்று ஏறினால் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

போய்க் கதவைத் தட்டினேன். அக்கா தரையில் அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உதடு வறண்டு வெடித்திருந்தது. மேசைமேல் நேற்றைய சாப்பாட்டுப் பொட்டலம் ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் இருந்தது. நான் வேறு கடையில் வாங்கி வருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி. ஏன் சுசா படுறீங்க, எதுக்கு சிரமம்? ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில பொங்குஸ், பொட்டலச் சாப்பாடுதான். அந்தப் பொட்டலத்த பிரிச்சாலே வார்டு வாசம் வருது. வாய்க்கிட்ட கொண்டு போக முடியல." நீங்களே கொஞ்சம் கஞ்சியாவது வைக்கலாமே என்றேன். "பதினாறு முடியாம அடுப்பு பத்த வைக்க மாட்டேன் லா. வீட்டுல ஆக்குனதுன்னா எறங்கும். அதுக்கு எங்க போறது?"

"நான் ஆக்கிட்டு வரேன்" என்றேன். வாய் என்னைக் கேட்காமல் சொன்ன பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

அக்கா அந்த வாரத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்களா? அன்னிக்கு சாம்பார் வெக்கிறேன்னு வராந்தா பூரா பொகை. அவருதான ஓடி வந்து ஒங்க கதவ தட்டுனாரு?" அது ரசம் என்று திருத்த நினைத்தேன். அதனால் என் தரப்பு வலுக்காது என்று விட்டுவிட்டேன். "சரி. ஒரு மணிக்குள்ள வந்தா போட்டுக்கிறேன். வரலன்னா விடுங்க தம்பி, நாளைக்கு பார்ப்போம்" என்றார். அந்த 'பார்ப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிச் சொல்லிவிட்டுப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மணி பதினொன்று ஐம்பது. என் மனைவி கல்யாணி மகளின் பிளஸ் டூ படிப்புக்காக இரண்டு வருடமாக ஈரோட்டில் இருக்கிறாள். அன்றிலிருந்து என் சமையலறை ஒரு அருங்காட்சியகம். பொருட்கள் இருக்கும், தொட அனுமதி கிடையாது என்பதுபோல நானும் தொடுவதில்லை. அலமாரியைத் திறந்தேன். அரிசி இருந்தது. அதை மின் குக்கரில் போட்டேன். அது மட்டும் எனக்கு வரும், பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். தொட்டுக்கொள்ள? கொண்டைக்கடலை ஒரு பொட்டலம். அதை இரவே ஊற வைத்திருக்க வேண்டும் என்ற அளவுக்கு ஞானம் உண்டு. காய்கறிக் கூடையில் இரண்டு வெங்காயம், முளைவிட்டு யாரையோ தேடிக்கொண்டிருந்த ஒரு உருளைக்கிழங்கு. சர்க்கரைக்காரருக்கு உருளைக்கிழங்கா? அதற்குப் பின்னால், கல்யாணி போன முறை வந்தபோது ஜெலுத்தோங் சந்தையில் வாங்கிய பொட்டலம், கச்சாங் மத்தா ஹித்தாம் என்று மலாயில் அச்சிட்டது. நம் தட்டைப்பயறு, சென்னைக்காரர்களின் காராமணி. வெளிறிய பயறு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கண். காலாவதியாக நான்கு மாதம் இருந்தது. தொழில் புத்தி போகவில்லை, ஒரு பிடியை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி வண்டு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதில் ஐந்து நிமிடம் போயிற்று.

கல்யாணியை அழைத்தேன். துக்க வீட்டுக்கு என்று சொன்னால் அவளும் பதறுவாள், பொதுவாகக் கேட்போம் என்று, "தட்டைப்பயறை அவசரமா எப்படிப் பண்றது?" என்றேன்.

"என்னுங்க, அதிசயமா இருக்குது! ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்ல. பசிக்குது."

"ஊற வெக்காட்டிப் பரவால்லீங். நல்லாக் கழுவி, முங்கற அளவுக்கு மேல தண்ணி ஊத்தி, குக்கர்ல ஆறு விசில் உடுங். அப்பறம் கடுகு, வரமொளகா, கறிவேப்பல, வெங்காயம் போட்டுத் தாளிச்சுப் பொரட்டிப்போடுங். தேங்காப்பூ இருந்தா மேல தூவுங். பதினஞ்சு இருவது நிமிசம், அவ்வளவுதானுங்."

இருபது நிமிடம் என்பது கல்யாணியின் நிமிடம். குக்கரை ஏற்றிவிட்டு வெங்காயத்தை நறுக்கினேன். முதல் விசில், இரண்டாவது, மூன்றாவது. இவ்வளவு வேகமாகவா என்று பெருமையாக இருந்தது. ஆறு எண்ணி அடுப்பை அணைத்தேன். அழுத்தம் இறங்கவே காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே பயறு கல்லுக் கல்லாகக் கிடந்தது. அப்போதுதான் மேலேயிருந்து ஏழாவது விசில் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தமிழர்கள் வாழும் அடுக்குமாடியில் எத்தனை குக்கர் கூவும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மேல்மாடி வீட்டுப் பருப்பை நான் முழு அக்கறையோடு வேகவைத்திருக்கிறேன். என் குக்கருக்கு வெயிட்டே போடவில்லை. தொழிற்சாலையில் ஒரு பலகையில் தலைமுடி அளவு பிசகு இருந்தால் கண்டுபிடிப்பவன் என்று எனக்குச் சான்றிதழ் தந்திருக்கிறார்கள். அது வரவேற்பறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பாமல் நடமாடினேன்.

மறுபடி வைத்தேன். இம்முறை குக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயிட் ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை மடக்கினேன். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததில்தான் பயம் முழுசாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குக்கர் ஆவி பிடிப்பதற்குள் அவர் படுத்துவிட்டால்? குமரனிடம் என்ன சொல்வேன்? பயறு வேகவில்லை என்றா?

பன்னிரண்டரை. பயறு வெந்திருந்தது, அல்லது வெந்ததுபோல் இருந்தது. கறிவேப்பிலைக்கு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெயின்ட் வாளியில் வளர்வது முனுசாமி அண்ணனின் செடி. "கேக்காம பறிச்சிக்குங்க, கேட்டா தர மாட்டேன்" என்பார். கேட்காமல் பறித்தேன். எண்ணெய் காய்ந்தது. கடுகு போட்டேன். அது வெடித்துச் சட்டையிலும் மூக்குக் கண்ணாடியிலும் பட்டது. மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், சிட்டிகை மஞ்சள், வெந்த பயறு. ஒரு புரட்டு. வாசம் வந்தது, உண்மையான வாசம், யாரோ ஒரு பெண்மணி உள்ளே இருப்பதுபோல. பெருமை தாங்காமல் கல்யாணியை மறுபடி அழைத்து, உப்பு எப்போது என்று கேட்கிற சாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கல்யாணி பதறிப்போனாள்.

"எளவு ஊட்டுக்கா? பக்கத்து ஊட்டு அக்காளுக்கா? அட ஏனுங்க, மொதல்லயே சொல்ல வேண்டாமா? எளவு ஊட்டுக்குக் கொண்டு போறதுல தாளிக்கக் கூடாதுங்! மஞ்சளும் ஆகாது. நம்ம அம்மா தவறுனப்ப எல்லாரும் தாளிக்காமத்தானுங்க கொண்டாந்தாங்க? நீங்களும்தான தின்னீங்க?"

தின்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால், என் அம்மாவின் வீட்டில், வெள்ளையாக, கடுகில்லாமல், மஞ்சளில்லாமல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த குழம்பையும் பொரியலையும் தின்றேன். ருசி பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்கவும் தோன்றவில்லை. துக்க வீட்டுக்குள் எண்ணெய் பொரியும் வாசம் நுழையக் கூடாது, அது விசேஷத்துக்கு உரியது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அதெல்லாம் ஊரில் மற்றவர்கள் தெரிந்து வைத்திருந்து நமக்காகச் செய்துவிடுவது. இங்கே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது நான் ஒருவனே. என்னைப் போன்ற ஒருவனை நம்பி எந்த வழக்கமும் கப்பல் ஏறக் கூடாது.

மணி பன்னிரண்டு நாற்பது. இன்னொரு முறை வேகவைக்க நேரமில்லை. அந்த நெருக்கடியில் இந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரன் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். வேலைப் பையிலிருந்து, நுண்ணிய பாகங்களைப் பொறுக்கும் இடுக்கியை எடுத்தேன். பூதக்கண்ணாடியை விளக்கோடு மாட்டினேன். பயறைத் தட்டில் பரப்பி, கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பயறிலும் ஒரு கறுப்புக் கண். கடுகும் கறுப்பு. கடுகென்று இடுக்கியால் பிடித்தால் பயறு முழுதாக எழுந்து வருகிறது. கண் என்று விட்டால் அது கடுகு. ஒரு தட்டு நிறையக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பதினெட்டுக் கடுகு எடுத்திருப்பேன். ஒரு கரண்டிக் கடுகில் எத்தனை இருக்கும்? அதுவும் போக, மஞ்சளை எந்த இடுக்கியால் எடுப்பது? சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அழுதேனா என்று யாராவது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஐந்து நாளும் ஓடிக்கொண்டே இருந்தேன். இடுக்கியைப் பிடித்தபடி, ஒரு தட்டுப் பயறின் முன்னால், எட்டு மாதம் கழித்து அது நடந்தது. மூன்று நிமிடம் இருக்கும். பிறகு பன்னிரண்டு ஐம்பது ஆகிவிட்டது என்று பார்த்து எழுந்தேன்.

சோற்றை ஒரு டப்பாவிலும் பயறை ஒரு கிண்ணத்திலும் எடுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன். மூடியைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன்: "அக்கா, தப்புப் பண்ணிட்டேன். தாளிச்சுட்டேன். மஞ்சளும் போட்டுட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, வெறும் சோத்துல உப்புப் போட்டுப் பிசைஞ்சு தர்றேன்."

அக்கா கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு வாய்ச் சோறுகூட உள்ளே போகாமல் நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"கேட்டுச்சு" என்றார்.

"எது கேட்டுச்சுக்கா?"

"கடுகு வெடிச்சிச்சே. செவுத்துல கேட்டுச்சு. அவரு வார்டுல படுத்ததுலேர்ந்து இந்த ரெண்டு மாசமா எங்க வீட்டுல கடுகு வெடிக்கல தம்பி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவரு டிவிய அடைச்சிட்டு எந்திரிச்சி வருவாரு. இன்னிக்கு கேட்டதும் நான் என்னவோ நாந்தான் ஆக்குறேன்னு நெனச்சி திரும்பிப் பாத்தேன்." எதிரே படத்தில் அண்ணன் லாரிக்குச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "மூணு நாளுதான் லா தாளிக்கக் கூடாதுங்கற ரூல் எல்லாம். மூணு நாளு ஓடிப்போச்சு. எங்க மாமியா இருந்திருந்தா பதினாறும் விட்டிருக்க மாட்டாங்க. அவங்க இல்ல. குடுங்க."

சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. குளிர்பெட்டியிலிருந்து பேனா போன்ற அந்த ஊசியை எடுத்து, நுனி மாட்டி, திருகி எண்ணைப் பார்த்து, வயிற்றருகே போட்டுக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஊசி என்றால் ஆகாது. "எனக்குத்தான் குத்துது, நீங்க ஏன் கண்ண மூடுறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் கொஞ்சம் பழைய சரோஜா அக்கா இருந்தார்.

பிறகு சாப்பிட்டார். முதல் வாயை மென்றுகொண்டே இருந்தார். விழுங்குவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினார். இரண்டாவது வாய். "பயிறு இன்னும் ஒரு விசில் கேட்டிருக்கும்" என்றார். மூன்றாவது. "உப்பு கூடிப்போச்சு." நான்காவது வாய்க்குக் குறை எதுவும் சொல்லவில்லை. தலை நிமிராமல், ஒரு கரண்டிச் சோறும் கிண்ணத்தில் பாதியும் சாப்பிட்டார். கண்ணிலிருந்து வழிந்தது தட்டில் விழாமல் இடது கையால் துடைத்துக்கொண்டார். நான் குமரனுக்குச் செய்தி அனுப்பினேன்: ஊசி போட்டாச்சு, சாப்பிட்டாங்க. கும்பிடு போட்ட இரண்டு கைகள் பதிலாக வந்தன.

எழுந்தேன். செருப்பை மாட்டினேன். மனசு இலேசாக இருந்தது, அதுதான் ஆபத்து. கிராதியைச் சாத்தும்போது, ஒன்பது வருடம் அந்த வாசலில் சொல்லிப் பழகியதைச் சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வரேங்க்கா."

சொல்லி முடிக்குமுன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அதிலும் 'வரேன்' என்கிற சொல் கூடவே கூடாது என்பதை எந்தத் தமிழனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடி வருகிறேன் என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். தாளித்ததைக்கூட மன்னிக்கலாம். இது தாய்ப்பாலோடு வந்த விதி. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களும் இதை விடவில்லை. அந்த மூன்று நாளும் வந்தவர்கள் எல்லோரும், வங்கி மேலாளர் முதல் லாரிக்காரர்கள்வரை, வாயை மூடிக்கொண்டு சட்டென்று எழுந்து போனதை நான் பார்த்தேன்.

நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். அம்மாவுக்குப் பால் தெளித்த மறுநாள், ஐந்தாம் நாள், கோயம்புத்தூருக்கு வாடகைக் கார் வந்துவிட்டது. ஒரு வார விடுப்பு. பதினாறாம் நாள் காரியத்தை என் அக்காவும் மாமாவும் பார்த்துக்கொள்வார்கள், நான் போனில் பார்ப்பேன் என்று ஏற்பாடு. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். 'வரேன்' என்று சொல்ல வாய் திறந்தது. அக்கா முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது. அந்த விதி வந்து போகிறவர்களுக்கு. அந்த வீட்டுக்காரனுக்கு அது உண்டா? நான் அந்த வீட்டுப் பிள்ளையா, துக்கம் கேட்க வந்தவனா? அக்காவுக்கும் தெரிந்திருக்காது. ஒரு சொல்லும் இல்லாமல் காரில் ஏறினேன். பிறந்த வீட்டிலிருந்து வெளியூர்க்காரனைப்போல, திரும்பிப் பார்க்காமல். வீட்டை அக்கா பூட்டிச் சாவியை வைத்திருக்கிறாள். அதன்பிறகு நான் போகவில்லை. விடுப்பு இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுப்பு இருந்தது.

கிராதியைப் பிடித்தபடி, "அக்கா, வாய் தவறி..." என்று ஆரம்பித்தேன்.

சரோஜா அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்தால் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. நான் மன்னிப்புக்குச் சொற்கள் தேடிக்கொண்டிருந்தேன்.

"சொல்லிட்டீங்க" என்றார். "சொன்னா வந்துதான் ஆகணும். ஏழு மணிக்கு இன்னொரு ஊசி இருக்கு."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இரண்டு பிடி பயறை அளந்து தண்ணீரில் போட்டேன். இம்முறை ஊறட்டும். மாலை ஐந்தரை மணிக்கு என் அக்காவை அழைத்தேன். நலம் விசாரித்துவிட்டு, "ஊருக்கு வரேன்க்கா" என்றேன். எட்டு மாதம் தாமதமாக, இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து.

"எப்பக் கண்ணு?"

"இங்க பதினாறு முடியட்டும்."

"யாருக்குடா பதினாறு?" அவள் குரல் ஏறியது. நடந்ததெல்லாம் சொன்னேன். இடுக்கி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். கடைசியில் நான் வாய் தவறிய இடத்தில் சிரிப்பு நின்றது. அவளும் அந்த வாசலை நினைத்திருக்க வேண்டும். எட்டு மாதமாக நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"சரி கண்ணு. அதுக்குள்ள அந்தம்மா ஊட்டுலயும் துக்கம் கழிஞ்சிருக்கும். அங்கிருந்து கெளம்பறப்ப அவுங்ககிட்டச் சொல்லிட்டே வா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, சூடு ஆறுமுன் டிக்கெட்டைப் பார்த்துவிடலாம் என்று விமான நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை நிரப்பிய படிவம். புறப்படும் இடம்: பினாங்கு. போகும் இடம்: கோயம்புத்தூர். அதன் கீழே, 'திரும்பும் நாள்' என்று ஒரு கட்டம். ஊருக்குத் திரும்புவதாகத்தான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் படிவத்தில் திரும்புவது என்றால் இங்கே வருவது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஒருமுறைகூட நான் டிக்கெட் எடுத்ததில்லை. விரலை அதன்மேல் வைத்தேன். நாள்காட்டி விரிந்தது, எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு நின்றது. மணி ஆறேகால், ஏழு மணி ஊசிக்கு முன் பயறு வேக வேண்டும். திரையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, குக்கருக்கு வெயிட்டைத் தேடி எழுந்து போனேன்.